வெடிக்கும் விகிதம்



பொறியியல் மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஒருசேரப் பயன்படும் ஒரு பொருளைப் பேசச் சொன்னார்கள், என்னை அழைத்த அறக்கட்டளையார். வாயுக்களும் ஆவிகளும் காற்றோடு கலந்து தீப்பற்றுவதை, வெடிப்பதை எடுத்துக்கொண்டேன். தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் நிரம்பிய பீப்பாயைவிட, பெட்ரோலை ஊற்றிக் காலி செய்த பீப்பாய் ஆபத்தானது. ஆண்டுதோறும் எங்கேயாவது ஒரு பட்டறையில், காலி பீப்பாய்க்கோ காலி டேங்கர் லாரிக்கோ வெல்டிங் வைக்கும்போது யாரேனும் உயிரிழக்கிறார்கள். “உள்ளே ஒன்றுமே இல்லையே” என்பதுதான் உடனிருந்தவர்கள் சொல்வது. ஒன்றுமே இல்லை என்று தோன்றும் அந்த வெளியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

பெட்ரோல் என்ற திரவம் எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவி காற்றோடு கலந்து எரிகிறது. எல்லாக் கலவையும் எரிந்துவிடாது. நூறு பங்கு கலவையில் பெட்ரோல் ஆவி ஏறக்குறைய 1.4 பங்குக்குக் கீழே இருந்தால் தீ பரவாது, 7.6 பங்குக்கு மேலே போனாலும் பரவாது. இடைப்பட்ட அந்தக் குறுகிய பட்டைக்குள் இருந்தால் ஒரு பொறி போதும். மூடிய பெட்ரோல் தொட்டியில், நம் ஊர் வெப்பத்தில், ஆவி மேல் எல்லையைத் தாண்டியே நிற்கும். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அங்கே இருக்காது. திரவத்தைக் கொட்டிவிட்டு மூடியைத் திறந்து வைத்தால் காற்று உள்ளே புகுகிறது. ஆவி மெல்லக் குறைந்து, மேல் எல்லையைக் கடந்து, வெடிக்கும் பட்டைக்குள் இறங்குகிறது. அந்த நேரத்தில்தான் வெல்டிங் வைப்பவர் வந்து சேர்கிறார்.

டீசலின் கதை இதற்கு நேர்மாறு. சாதாரண வெப்பத்தில் டீசல் தொட்டியில் எழும் ஆவி கீழ் எல்லையைக்கூட எட்டாது. அதனாலேயே டீசல் பீப்பாய் சாது என்று பெயரெடுத்துவிட்டது. கேஸ் கட்டரின் சூடு தகட்டில் ஏறியதும், அடியில் ஒட்டியிருக்கும் கசடு ஆவியாகி, கீழிருந்து அதே பட்டைக்குள் ஏறிவிடும். எத்தனால் இன்னும் விசேஷமானது. அதன் எல்லைகள் 3.3 முதல் 19 சதவீதம். 30 டிகிரி செல்சியஸில் மூடிய பாத்திரத்தில் அதன் ஆவி சுமார் 10 சதவீதம் நிற்கும். அதாவது நம் ஊரில் தூய ஆல்கஹால் பீப்பாய், பாதி நிரம்பியிருக்கும்போதே, திரவத்துக்கு மேலுள்ள வெளியில் வெடிக்கத் தயாராக இருக்கிறது. குளிர்நாட்டுக் கையேட்டை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இந்த எல்லைகள் ஏன் இருக்கின்றன? தீ பரவுவதென்றால், எரிந்த படலம் தன் சூட்டால் அடுத்த படலத்தைப் பற்றவைக்க வேண்டும். எரிபொருள் மிகக் குறைவாக இருந்தால், பிறக்கும் சூடு முழுவதையும் உபரிக் காற்றே விழுங்கிவிடும். சாதாரண ஹைட்ரோகார்பன்களுக்குச் சுடரின் வெப்பம் ஏறத்தாழ 1,300 டிகிரிக்குக் கீழே போனால் சங்கிலி அறுந்துவிடும். எரிபொருள் மிகுந்துவிட்டால் ஆக்சிஜன் போதாமல் அதே சங்கிலி மறுமுனையில் அறுகிறது.

மீத்தேனுக்கு இந்தப் பட்டை 5 முதல் 15 சதவீதம். புரப்பேனுக்கு 2.1 முதல் 9.5. அம்மோனியாவுக்கு 15 முதல் 28 வரை, பற்றவைப்பதும் கடினம். கார்பன் மோனாக்சைடுக்கு 12.5 முதல் 74. ஹைட்ரஜனுக்கோ 4 முதல் 75 வரை, கிட்டத்தட்ட எந்தக் கலவையும் எரியும். அசிட்டிலீன் காற்றே இல்லாமலும் தானாகச் சிதைந்து வெடிக்கக்கூடியது. அதனால்தான் அதன் சிலிண்டருக்குள் நுண்துளைப் பொருளை அடைத்து, அசிட்டோனில் கரைத்து வைக்கிறார்கள்.

இந்த எண்களைச் சும்மா ஒரு பட்டியலாகக் கற்பிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இவற்றுக்கு விலை கொடுத்தவர்கள் உண்டு. முதலில் கொடுத்தவர்கள் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள்.

வடகிழக்கு இங்கிலாந்தில், டைன் ஆற்றங்கரையில் ஃபெல்லிங் என்ற ஊர். 1812-ஆம் ஆண்டு மே 25 அன்று அங்கிருந்த சுரங்கம் வெடித்தது. 92 பேர் இறந்தார்கள். அவர்களில் சிறுவர்கள் பலர். நிலக்கரிப் படுகையிலிருந்து கசியும் மீத்தேனும், வெளிச்சத்துக்காக ஏற்றிய திறந்த சுடரும் சந்தித்த விபத்து அது. அந்த ஊர்த் திருச்சபையின் பொறுப்பிலிருந்த ஜான் ஹாட்ஜ்சன் விபத்தின் விவரங்களை எழுதி அச்சிட்டார். சுரங்கத்துக்குள் நடப்பது வெளியுலகுக்குத் தெரியக் கூடாது என்று முதலாளிகள் எண்ணிய காலத்தில் அவர் செய்த காரியம் பெரியது. அடுத்த ஆண்டே சந்தர்லாந்தில் விபத்துத் தடுப்புக்கென்று ஒரு சங்கம் தோன்றியது. 1815-இல் அது வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியை அணுகியது.

டேவி சுரங்கத்துக்குப் போய்ப் பார்த்தார், வாயு மாதிரிகளை லண்டனுக்கு வரவழைத்தார், அந்த ஆண்டு நவம்பரிலேயே ராயல் சொசைட்டியில் தம் கட்டுரையைப் படித்தார். சுரங்கப் பாதுகாப்பு விளக்கைச் செய்ததற்காகவே அவரைப் புகழ்கிறோம். விளக்குக்கு முன்னால் அவர் செய்த அளவீடு எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. சுரங்க வாயு எவ்வளவு, காற்று எவ்வளவு என்று மாற்றி மாற்றிக் கலந்து பற்றவைத்துப் பார்த்தார். ஒரு பங்கு வாயுவுக்கு ஏழெட்டுப் பங்கு காற்று சேரும்போது வெடிப்பு மிகக் கடுமையாக இருந்தது. பதினைந்து பங்கு சேர்ந்தபோது வெடிக்கவில்லை, உள்ளே வைத்த மெழுகுவர்த்தியின் சுடர் மட்டும் பெரிதானது. இன்றைய கருவிகளில் மீத்தேனின் வெடிப்பு மிக வலிமையாவது 10 சதவீதத்தை ஒட்டி. டேவியின் கணக்கு அதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது பாருங்கள்.

அடுத்து, இந்த வெடிப்பு குறுகலான உலோகக் குழாய்க்குள் நுழைந்து மறுபுறம் போகாது என்று கண்டார். உலோகம் சூட்டை உறிஞ்சிவிடுகிறது, சங்கிலி அறுகிறது. குழாயைக் குட்டையாக்கிக்கொண்டே போனால் கடைசியில் கிடைப்பது கம்பி வலை. சதுர அங்குலத்துக்கு 784 கண்கள் கொண்ட வலையால் சுடரைச் சூழ்ந்தார். வாயு உள்ளே போகலாம், உள்ளேயே எரியலாம், தீ வெளியே வர முடியாது. இதற்குக் காப்புரிமை வாங்க அவர் மறுத்துவிட்டார். அதே ஆண்டில் சுரங்கத் தொழிலாளியின் மகனான ஜார்ஜ் ஸ்டீவன்சன், பள்ளிப் படிப்பில்லாமலே, சுரங்கத்துக்குள் தாமே பரிசோதித்து ஒரு விளக்கைச் செய்திருந்தார். மருத்துவரான கிளானி இருவருக்கும் முன்பே ஒன்றைச் செய்திருந்தார். யார் முதல் என்ற சண்டை நெடுநாள் நடந்தது. மூவருக்கும் மரியாதை உண்டு என்பது என் கருத்து.

இந்த விளக்கு வந்தபின் மரணம் குறைந்ததா? வடகிழக்கு இங்கிலாந்தின் சுரங்கங்களில் அடுத்த இருபது ஆண்டுகளில் குறையவில்லை. வாயு அதிகம் என்று கைவிட்டிருந்த ஆழமான படுகைகளை, விளக்கு இருக்கும் தைரியத்தில் மறுபடி திறந்தார்கள். காற்றோட்டத்துக்குச் செலவிட வேண்டிய பணத்தை மிச்சம் பிடித்தார்கள். வேகமான காற்றோட்டத்தில் சுடர் வலையை மீறிப் பாயும், வலை பழுக்கக் காய்ந்தால் காப்பு போய்விடும் என்பதும் பின்னர்தான் எல்லோருக்கும் உறைத்தது. நல்ல கருவியைக் கையில் கொடுத்துவிட்டு, அது தரும் பாதுகாப்பு முழுவதையும் கூடுதல் உற்பத்தியாக மாற்றிக்கொள்ளும் பழக்கம் அன்றே தொடங்கிவிட்டது. அந்தப் பழக்கத்தின் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு.

ஆனால் விளக்கு வேறொரு வேலையில் நிலைத்தது. திரியை இறக்கிச் சிறிய சுடராக வைத்தால், மீத்தேன் கலந்த காற்றில் அதன் தலைமேல் மங்கலான நீல நிறத் தொப்பி ஒன்று எழும். தொப்பியின் உயரத்தைப் பார்த்துச் சதவீதம் சொல்லக் கற்றார்கள். வெளிச்சம் தந்த விளக்கு அளவுகோலாக ஆயிற்று. மின்விளக்குகள் வந்த பின்னும் மேற்பார்வையாளர்கள் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தது இதற்காகத்தான். இந்திய நிலக்கரிச் சுரங்கங்களில் மீத்தேன் 1.25 சதவீதத்தைத் தாண்டினால் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அது 5 சதவீதத்தில் கால் பங்கு. எல்லையைத் தொடும்வரை காத்திருக்கக் கூடாது, கால்வாசி தூரத்திலேயே நிற்க வேண்டும்.

எண்களை முறைப்படி சேகரித்துத் தந்தது அமெரிக்காவின் சுரங்கத் துறை ஆய்வகம். 1907 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் மோனங்கா சுரங்கத்தில் 362 பேர் இறந்தார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பின் 1910-இல் அந்தத் துறை உருவானது. ஐந்து சென்டிமீட்டர் விட்டமும் ஒன்றரை மீட்டர் உயரமும் உள்ள கண்ணாடிக் குழாயில் கலவையை நிரப்பி, அடியில் பொறி வைத்து, தீ மேலே ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். கவார்டும் ஜோன்ஸும் 1952-இல் வெளியிட்ட தொகுப்பும், ஜபெடாகிஸ் 1965-இல் வெளியிட்டதும் இன்றும் எங்கள் மேசையில் இருக்கின்றன. அவற்றைப் புரட்டினால் ஓர் அழகான ஒழுங்கு தெரியும். புரப்பேன், பியூட்டேன், ஹெக்சேன், ஆக்டேன் என்று கீழ் எல்லைச் சதவீதங்கள் வேறுவேறாக இருக்கும். எடையாக மாற்றிப் பாருங்கள்: ஒரு கன மீட்டர் காற்றுக்கு 40 முதல் 50 கிராம் என்று எல்லாம் ஓரிடத்தில் வந்து நிற்கும். மாணவர்கள் வேறெதை மறந்தாலும் 45 கிராம் என்ற இந்த ஓர் எண்ணை மறக்க வேண்டாம். கொஞ்ச நேரத்தில் அதை அடுப்படிக்குக் கொண்டுபோகப் போகிறேன்.

அதற்கு முன் கடல். 1969 டிசம்பரில், ஒரே மாதத்தில், மூன்று பெரிய எண்ணெய்க் கப்பல்கள் வெடித்தன. மார்பெஸ்ஸா, மாக்ட்ரா, கோங் ஹாகோன் ஏழு என்று பெயர். ஒவ்வொன்றும் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் சுமக்கக் கூடியது. மூன்றுமே எண்ணெயை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தன. மூன்றிலும் தொட்டிகளை உயர் அழுத்தத் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தார்கள். மார்பெஸ்ஸா ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் மூழ்கியது. தண்ணீர் பீய்ச்சுவதில் தீப்பொறி எங்கிருந்து வந்தது? பெரிய நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் இதில் இறங்கின. சுவரில் மோதிச் சிதறும் நீர்த்துளிகள் மின்னூட்டம் பெற்ற மூடுபனியாகத் தொட்டியை நிரப்புகின்றன. அதனூடே விழும் நீர்க்கட்டி ஒன்றிலிருந்து இரும்பில் பொறி தாவ முடியும். சிறிய தொட்டியில் இது நிகழவில்லை. தொட்டி பெருத்ததும் நிகழ்ந்தது.

பொறியை முற்றாக ஒழிக்க முடியாது என்ற பாடத்தை அந்த மூன்று கப்பல்களும் கற்பித்தன. ஹைட்ரோகார்பன் ஆவியைப் பற்றவைக்கக் கால் மில்லிஜூல் ஆற்றல் போதும். நாற்காலியிலிருந்து எழுந்து கதவின் கைப்பிடியைத் தொடும்போது சுருக்கென்று நமக்கு உறைக்கிறதே, அந்தப் பொறியில் அதைவிடப் பல மடங்கு இருக்கும். ஹைட்ரஜனுக்கு வேண்டியது இதிலும் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவு. ஆகவே பொறியைத் துரத்துவதோடு நிற்காமல் கலவையை மாற்றினார்கள். கொதிகலனின் புகையைக் கழுவிக் குளிரவைத்துத் தொட்டிக்குள் செலுத்தி, ஆக்சிஜனை 8 சதவீதத்துக்குக் கீழே வைக்க வேண்டும் என்று சர்வதேச விதி வந்தது. ஆக்சிஜன் அவ்வளவு குறைந்துவிட்டால் எந்த விகிதத்தில் ஆவி இருந்தாலும் தீ பரவாது.

விமானத் துறை இதே பாடத்தைப் படிக்க மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது வருத்தம் தருகிறது. 1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குப் புறப்பட்ட டிடபிள்யூஏ 800 விமானம், ஏறிய 12 நிமிடத்தில் வெடித்து அட்லாண்டிக்கில் விழுந்தது. 230 பேரும் இறந்தார்கள். ஏவுகணை, வெடிகுண்டு என்று ஊகங்கள் ஓடின. நான்காண்டு விசாரணையில் வந்த முடிவு: உடலின் நடுவே இருந்த எரிபொருள் தொட்டி வெடித்திருக்கிறது. கிட்டத்தட்ட 49,000 லிட்டர் கொள்ளும் அந்தத் தொட்டியில் கிடந்தது இருநூறு லிட்டருக்கும் குறைவு. அடியில் ஏசி இயந்திரங்கள். கோடைக்காலத் தாமதத்தில் அவை நெடுநேரம் ஓடித் தொட்டியைச் சூடாக்கியிருந்தன. விமான எரிபொருள் மண்ணெண்ணெய் போன்றது, தரையில் ஆவி போதாது. சூடும் ஏறி, உயரத்தில் காற்றும் மெலிந்ததும், ஆவியின் பங்கு கீழ் எல்லையைத் தாண்டிவிட்டது. எரிபொருள் அளவு காட்டும் கம்பிகள் வழியே மின்சாரம் புகுந்திருக்கலாம் என்பது விசாரணையின் கணிப்பு. பெரிய பயணி விமானங்களின் தொட்டிகளில் எரியக்கூடிய ஆவியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற அமெரிக்க விதி 2008-இல்தான் வந்தது. இன்று நைட்ரஜன் செலுத்துகிறார்கள்.

இனி அடுப்படி. நம் வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எல்பிஜி இருக்கிறது, புரப்பேனும் பியூட்டேனும். காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தண்ணீர் போலத் தரையோடு பரவித் தாழ்ந்த இடம் தேடும். பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரம் என்று ஓர் அடுப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 28 கன மீட்டர். கன மீட்டருக்கு 45 கிராம் என்று பெருக்கினால் 1.26 கிலோ. அறை முழுக்கச் சீராகக் கலந்தால் வெடிக்கும் எல்லையைத் தொட அவ்வளவு போதும். ஆனால் சீராகக் கலப்பதில்லை. தரையோடு இரண்டு மூன்றடி உயரத்துக்குத் தேங்கினால் 400 கிராமே அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடும். அங்கேதானே பிரிட்ஜின் மோட்டாரும் அதன் சுவிட்சும் இருக்கின்றன. முழு சிலிண்டரும் கசிந்தால் ஆயிரம் சதுர அடி வீடு மொத்தமும் அந்த எல்லைக்குள் வந்துவிடும்.

வெடித்தால் என்ன அழுத்தம்? அடைத்த பாத்திரத்தில் சரியான விகிதக் கலவை எரிந்தால் அழுத்தம் எட்டு மடங்காகும். செங்கல் சுவரைத் தள்ள வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. அதனால்தான் ஓர் அறையின் ஒரு பகுதியில் தேங்கிய வாயுவே வீட்டைப் பெயர்த்துவிடுகிறது. இப்படிப்பட்ட பல விபத்துகளில், சிலிண்டரைத் தேடிப் பார்த்தால் அது கிழியாமல் கிடக்கும். வெடித்தது அறையிலிருந்த காற்று. ரப்பர் டியூபையும் வாஷரையும் பார்க்க வேண்டிய இடத்தில் சிலிண்டரைப் பழிப்பது, அடுத்த வீட்டுக்காரருக்கு எந்த எச்சரிக்கையும் தராது.

எல்பிஜிக்கு இயற்கையில் வாடை கிடையாது; சேர்ப்பது எத்தில் மெர்காப்டன். இதற்குப் பின்னாலும் ஒரு சோகம் உண்டு. 1937 மார்ச் 18 அன்று டெக்சஸில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடம் வெடித்து ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், இறந்தார்கள். செலவை மிச்சப்படுத்த எண்ணெய்க் கிணறுகளின் கழிவு வாயுவைச் சூடேற்றப் பயன்படுத்தியிருந்தார்கள். அது கட்டடத்தின் அடியில் வாடையில்லாமல் நிரம்பியிருந்தது. அதன் பிறகுதான் அங்கே எரிவாயுவுக்கு வாடை சேர்ப்பது சட்டமானது. கீழ் எல்லையில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும்போதே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பது பொதுவான விதி. அதாவது வாடை வரும்போது பெரும்பாலும் இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் மூக்கு சீக்கிரம் பழகிவிடும், தூங்குபவருக்கு அது வேலை செய்யாது, முதியவர்களுக்கு மங்கியிருக்கும்.

வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி உண்டு. ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட்டிக் காற்றை வெளியேற்றலாம் என்று நினைப்பது தவறு. ஜன்னல் வைக்கும்போதே அடுப்படிச் சுவரில் தரையோடு ஒட்டி ஒரு திறப்பும் வைக்கச் சொல்லிக் கொத்தனாரிடம் கேளுங்கள். உயரத்தில் வைத்த ஜன்னல் மட்டும் இந்த வாயுவுக்குப் போதாது.

காற்றைவிட இலேசான வாயுவுக்கு இந்தக் கணக்கு மாறும். தூத்துக்குடியைப் பசுமை ஹைட்ரஜன் மையமாக்கும் திட்டங்கள் நடக்கின்றன. நல்லதுதான். ஹைட்ரஜன் விரைந்து மேலேறிக் கலைந்துவிடும் என்பது அதன் நன்மை. கூரைக்கடியில் மாட்டிக்கொண்டால் என்ன செய்யும் என்பதை 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவின் உலைக் கட்டடங்கள் காட்டின. எல்பிஜிக்குத் தரையில் திறப்பு, ஹைட்ரஜனுக்குக் கூரை உச்சியில் திறப்பு என்பது கட்டடக் கலை மாணவர்களின் பாடத்திலும் இடம்பெற வேண்டும்.

மறுபடி பட்டறைக்கு வருகிறேன். வாயு அளக்கும் கருவி இன்று கையடக்கமாகக் கிடைக்கிறது. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வழக்கமான கருவி, தன்னுள்ளே மாதிரியை எரித்துத்தான் அளவு சொல்கிறது. ஆவி மேல் எல்லையைத் தாண்டி அடர்ந்திருந்தால், எரிக்க ஆக்சிஜன் இல்லாமல், முள் ஒருமுறை துள்ளிவிட்டுச் சுழிக்கு இறங்கிவிடும். பார்ப்பவர் தொட்டி சுத்தம் என்று நினைப்பார். அதனால் முதலில் ஆக்சிஜனை அளக்க வேண்டும். அது சுமார் 21 சதவீதம் இருந்தால்தான் அடுத்த எண்ணை நம்பலாம். பாதாளச் சாக்கடைக்கும் கிணற்றுக்கும் இதே வரிசைதான், அங்கே நச்சு வாயுவையும் சேர்த்து அளக்க வேண்டும். அங்கே மனிதரை இறக்காமல் இயந்திரத்தை இறக்க வேண்டும் என்பது என் உறுதியான நிலை.

பீப்பாயைக் கழுவிக் காயவைத்தாயிற்று என்பது கணக்கில் சேராது. மடிப்பிலும் துருவுக்கடியிலும் ஒளிந்திருப்பது சூட்டில் ஆவியாக வெளிவரும். வெல்டிங் வைக்கும் இடம் மட்டும் மேலே நிற்குமாறு தண்ணீரால் நிரப்புங்கள். ஆவி நிற்க இடமே இருக்கக் கூடாது. தண்ணீர் வைக்க முடியாத தொட்டிக்கு நைட்ரஜன் செலுத்தி, வேலை முடியும்வரை ஆக்சிஜனை அளந்துகொண்டே இருங்கள். இந்த இரண்டையும் செய்யும் வசதி இல்லாத பட்டறை அந்த வேலையை ஏற்கக் கூடாது. கொண்டுவருபவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.